இடுப்பளவு நீரில் நிற்பவர்கள்

மீன் எங்கே பிடிபடுகிறது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். துறைமுகம், ஏலக்கூடம், விசைப்படகு, டன் கணக்கு, ஏற்றுமதி வருமானம் என்று அதைப் பேச நமக்கு நிறையச் சொற்கள் இருக்கின்றன. மீன் எங்கே வளர்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் சுருங்கிவிடும். "கடல்லதான்" என்போம். ஆனால் கடலின் எல்லா இடமும் மீன்குஞ்சுக்கு ஒன்றல்ல. வெப்பமண்டலக் கடல்களில், நாம் உண்ணும் மீன்களிலும் இறால்களிலும் நண்டுகளிலும் பலவும் தம் இளம் பருவத்தைக் கரையோரத்தின் குறிப்பிட்ட சில இடங்களில்தான் கழிக்கின்றன: கடற்புல் படுகை, பவளப்பாறைகளுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத மேடை, அலையாத்தி மரங்களின் வேர்க்கால், ஆறு கடலோடு கலக்கும் சேற்றுப்பரப்பு. அந்த இடம் அழிந்தால், பத்து மைல் தள்ளி வலை விரிப்பவருக்கும் சில ஆண்டுகளில் வலை வெறுமையாகும்.

இந்தக் கட்டுரை அந்த இடங்களைப் பற்றியது. அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றியது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்வளத்துக்கு இன்றியமையாத வாழிடம் என்று அறிவியல் இன்று சுட்டிக்காட்டும் ஆழமற்ற இடங்கள், பெண்கள் தலைமுறைகளாக உழைத்துவரும் இடங்களாகவும் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் அந்த இடங்களைச் சரியாக அடையாளம் காண முடியாது. அவர்களை விரட்டிவிட்டு அந்த இடங்களைப் பாதுகாக்கவும் முடியாது. நம் அரசுத் துறைகள் இந்த இரண்டையும் செய்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதற்கான விலையை மீனும் கொடுக்கிறது, பெண்ணும் கொடுக்கிறாள்.

அமெரிக்கா 1996இல் தன் மீன்வளச் சட்டத்தைத் திருத்தியபோது, 'இன்றியமையாத மீன் வாழிடம்' என்ற கருத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மீன் முட்டையிட, இனம் பெருக, இரை தேட, வளர்ந்து முதிர எந்த நீரும் எந்தத் தரையும் தேவையோ அதுதான் அந்த வாழிடம் என்பது வரையறை. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பக் கடல்களுக்கும் இது பொருந்தும். மேலாண்மைத் திட்டத்தின் கீழ் வரும் மீனினங்களுக்கு இந்த வாழிடம் எது என்று விவரித்து, வரைபடத்தில் காட்ட வேண்டும். அங்கே கேடு விளைவிக்கக்கூடிய வேலையைச் செய்யப்போகும் மத்திய அரசுத் துறை எதுவானாலும், மீன்வளத் துறையுடன் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும். மீன்வளச் சட்டத்தின் பார்வையைப் படகிலிருந்து மீன் பிறக்கும் தரைக்குத் திருப்பிய வகையில் அது நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வரையறையில் நீர் இருக்கிறது, தரை இருக்கிறது, மீன் இருக்கிறது. அந்தத் தரையில் கால் ஊன்றி வேலை செய்யும் மனிதர் இல்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே அந்த வாழிடத்தை ஒரே சட்டம் பார்ப்பதில்லை. மூன்று சட்டங்கள் மூன்று துண்டாகப் பார்க்கின்றன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983, படகையும் வலையையும் தூரத்தையும் காலத்தையும் பற்றிப் பேசுகிறது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது அதன் கீழ் வரும் விதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, தீவையும் பவளத்தையும் கடலட்டையையும் ஆவுளியாவையும் வனத்துறையின் கையில் கொடுத்திருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காட்டையும் பவளப்பாறையையும் கடற்புல் படுகையையும் முதல் வகைப் பகுதி என்று கோடு போட்டுக் காட்டுகிறது. ஒரு துறை படகை எண்ணுகிறது. ஒரு துறை தீவைக் காவல் காக்கிறது. ஒரு துறை கோடு வரைகிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் பெண்ணை எண்ணுவது இவற்றில் எந்தத் துறையின் வேலையும் இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பார்கள், பாருக்குப் பக்கத்தில் கடற்புல், அதற்கு அப்பால் மணல். வடபுறத்துப் பாக் விரிகுடாவையும் சேர்த்தால் இந்தியாவின் மிகப் பெரிய கடற்புல் பரப்புகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ஓராவும் விளைமீனும் இறாலும் கணவாயும் இந்தப் புல்லையும் பாரையும் அண்டித்தான் வளர்கின்றன. ஆவுளியா மேய்வதும் இந்தப் புல்லைத்தான். 1986இல் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது.

அறிவிப்புக்கு வெகு முன்பே அந்த நீரில் பெண்கள் இருந்தார்கள். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கத்துக் கரையோர ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்லும் பாசிகள் காய்ந்து, மூட்டையாகி, ஆலைக்குப் போய் அகராகவும் ஆல்ஜினாகவும் மாறுகின்றன. ஐஸ்கிரீமிலும், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் இருப்பது அதுதான். நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒவ்வொருத்தியும் அதைத் தொட்டிருப்பாள். எடுத்துவந்த கை யாருடையது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

அந்தக் கையின் வேலையைச் சொல்கிறேன். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை. விரல்களில் துணிச்சுற்று. கண்ணில் நீர்க்கண்ணாடி. இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக் குனிந்து, அல்லது மூழ்கி, கல்லிலிருந்து பாசியைப் பறித்து மேலே வர வேண்டும். சொறி சுடும், திருக்கை முள் குத்தும், பார்க்கல் கீறிய காயம் உப்புநீரில் ஆறாது. மணிக்கணக்கில் இப்படி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கும். இதைத் தொழில் என்று சொல்ல நம் கணக்குகளுக்கு நா எழுவதில்லை. 'மீனவர்' என்றால் படகில் போகும் ஆண். அவர் மனைவி 'மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்'. அவளே கடலில் இறங்கினாலும் கணக்கு மாறுவதில்லை.

பூங்காவின் காவல் இறுகியபோது, அவள் கணக்கில் வந்தாள். அத்துமீறி நுழைந்தவளாக வந்தாள். தாயும் பாட்டியும் போன தீவுக்குப் போவது குற்றமானது. படகைப் பிடிப்பது, பாசி மூட்டையைப் பறிப்பது, அபராதம் விதிப்பது எல்லாம் வாழ்க்கையின் பகுதியாகின. தேசியப் பூங்கா அமைக்கும்போது அந்த இடத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று அதே வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. பட்டா உள்ள நிலத்துக்கு அந்த விசாரணையை நடத்துவது எளிது. காட்ட ஒரு காகிதம் இருக்கும். அலையடிக்கும் பாரில் நூறு ஆண்டுகள் பாசி எடுத்தவளிடம் என்ன காகிதம் இருக்கும்? சொத்து ஆண் பெயரில், படகு ஆண் பெயரில், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை ஆண் பெயரில் இருக்கும் ஊரில், காகிதமில்லாத உரிமைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. அதனால்தான் 'உரிமை யாருக்கும் இல்லை' என்று எழுதுவது அத்தனை சுலபமாக இருக்கிறது.

இந்த இடத்தில் சூழலியலாளர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி. "அவர்கள் பாசி எடுப்பதால் வாழிடம் கெடவில்லையா?" கெடக்கூடும். பாசியும் வாழிடத்தின் பகுதிதான். குஞ்சுகள் அதிலும் ஒளிந்து வாழ்கின்றன. உலோகச் சுரண்டியால் கல்லைச் சுரண்டினால் பவளம் உடையும். ஒரே இடத்தில் வேரோடு பிடுங்கினால் அடுத்த ஆண்டு அங்கே பாசி இருக்காது. இதை மறைத்து எழுதினால் என் வாதம் பொய்யாகிவிடும்.

ஆனால் இதை முதலில் கவனித்தவர்களும் அவர்கள்தான். பாசி குறைந்தால் முதலில் காயும் வயிறு அவர்களுடையது. இந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி விதிகள் போட்டார்கள். மாதம் முழுவதும் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் 12 நாள்தான். உலோகச் சுரண்டி கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தாங்களும் பாசி எடுப்பதை நிறுத்தினார்கள். எந்த அரசாணையும் அவர்களை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்திக்கு, இந்த அமைப்பைக் கட்டிய பணிக்காக 2015இல் 'சீக்காலஜி' விருது கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு தீவுப் பாதுகாப்பு அமைப்பு அவர்களின் விதியைப் பார்த்து விருது கொடுக்கிறது. நம் மீன்வள மேலாண்மையில் அந்த விதிக்குச் சட்டத்தகுதி கிடையாது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் வாழிடத்தை உண்மையில் எது அழித்தது? பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். பார் போனதும் அலையைத் தடுக்க ஏதுமில்லாமல், விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவு தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்து, செயற்கைப் பார் போட்டுக் காக்கப்படும் நிலைக்கு வந்தது. இழுவைமடி கட்டிய விசைப்படகுகள் கடற்புல்லை உழுதன. கரையோரத் தூர விதி தாளில் இருந்தது. ஊர்களின் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கலந்தன. 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. கல் வெட்டிய லாரி, இழுவைமடி, கழிவுக்குழாய், உலகம் முழுவதும் எரியும் நிலக்கரி. இந்தப் பட்டியலில் துணி சுற்றிய விரல்களின் பங்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்டனை இந்த வரிசையில் வரவில்லை என்பதுதான் என் சண்டை. பிடிக்க எளிதானவர்கள் முதலில் பிடிபட்டார்கள். இழுவைமடிப் படகை நிறுத்த வேண்டுமானால் முதலாளிகளையும் சங்கத்தையும் அரசியலையும் எதிர்கொள்ள வேண்டும். மூட்டையோடு கரையேறும் பெண்ணை நிறுத்த ஒரு காவலர் போதும்.

ஈட்டுத்தொகையிலும் இதே கதைதான். பாக் விரிகுடாவின் இழுவைமடிப் படகுகளைக் குறைக்க 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. படகு ஒன்றின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் மானியமாக ஏற்றன. இழுவைமடியை ஒழிக்க வேண்டும். அதற்கு மாற்று தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். புல்லை உழுத படகின் உரிமையாளர் வெளியேற, 80 லட்சத்தில் 70 சதவீதம். பாசி எடுத்தவள் வெளியேற, சுயஉதவிக் குழு, சிறுகடன், சில நாள் பயிற்சி. அவருக்கு மானியம், அவளுக்கு வட்டி. இரண்டுக்கும் பெயர் 'மாற்று வாழ்வாதாரம்'.

அந்த மாற்றுகளில் ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் தொழில், ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் முயற்சியில் 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் இந்தக் கரைக்கு வந்தது. பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து உழைத்தார்கள். சில ஆண்டுகள் நல்ல வருமானமும் வந்தது. 2008இல், அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்தைக் காப்பதற்காக உள்ளூர்ப் பாசியிலிருந்து விலக்கப்பட்ட பெண்களிடம் தரப்பட்ட மாற்றே பவளத்துக்கு ஆபத்தாக வந்து நின்றது. அதைத் தேர்ந்தெடுத்தபோது, எந்தப் பாரின் பக்கம் நீரோட்டம் எப்படிப் போகும், அறுந்த கிளை எங்கே போய் ஒட்டும் என்பதைக் கடலில் நிற்பவர்களைக் கேட்டு முடிவு செய்திருக்க முடியும். 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாசி மறுபடியும் அரசின் கனவாகிவிட்டது. எடுப்பவள் எங்கே நிற்பாள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள். சில ஆண்டுகளுக்கு முன், கரையோர மேலாண்மை பற்றிய ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு மாணவிகளோடு போயிருந்தேன். 'மீனவர் பிரதிநிதிகள்' என்று ஒதுக்கிய நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆண்கள். பாசி எடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். திரையில் கரையின் வரைபடம். என் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் மெல்லக் கேட்டார்.

"என்ன டீச்சர், தண்ணியெல்லாம் ஒரே நீலமா போட்டுருக்காங்க?"

"ஏன்க்கா, எப்படி இருக்கணும்?"

"கல்லுக் கெடக்குற எடம் வேற, புல்லுக் கெடக்குற எடம் வேற, வெறும் மணலு வேற. ராத்திரியில எறக்கிவிட்டாக்கூட காலு வச்சதும் சொல்லிருவோம்ல."

கூட்டத்தில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையோடு அவர்களுக்கான நேரமும் முடிந்தது. பிறகு வந்த கூட்டக்குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'மகளிரும் திரளாகக் கலந்துகொண்டனர்.'

அந்த அக்கா சொன்னதைத்தான் மீன்வள அறிவியல் 'அடித்தள வகைப்பாடு' என்கிறது. செயற்கைக்கோள் படத்தை எடுத்தவர்கள், அது சரிதானா என்று பார்க்க ஆளனுப்பித் தரையைச் சோதிக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை, வாடைக்கும் கச்சானுக்கும் எந்தப் பார் கலங்கும், எந்தப் புல்லில் எந்த மாதம் சின்ன இறால் துள்ளும் என்று கால் பழகியவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அறிவு வரைபடத்துக்குள் வராததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை என்று நான் நம்பவில்லை. அதை அறிவு என்று ஒத்துக்கொண்டால், அதற்குரிய உரிமையையும் பேச வேண்டிவரும்.

இங்கே ஒரு பொறியையும் தாண்ட வேண்டும். 'பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், கடலும் தாய், பெண்ணும் தாய், ஆகவே பெண் கடலைக் காப்பாள்' என்று மேடைகளில் பாராட்டுவார்கள். கைதட்டிவிட்டு நகர்வதற்கு மட்டுமே உதவும் பாராட்டு அது. பொருளியலாளர் பினா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பேச்சைக் கேள்வி கேட்டார். பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு பிறப்பால் வருவதில்லை; சாதி, வர்க்கம், சொத்து, அன்றாட வேலைப் பிரிவினை ஆகியவற்றால் உருவாவது என்று அவர் வாதிட்டார். பாசி எடுப்பவளுக்குப் பார் தெரிவதற்குக் காரணம் அவள் கருப்பை இல்லை, அவள் வேலை. ஆழ்கடல் படகு ஆணுக்கு, ஆழமில்லாத நீர் பெண்ணுக்கு என்று ஊர் பிரித்துவைத்ததால் அவளுக்கு அந்த நீர் தெரிகிறது. ஆகவே அவளுக்குத் தேவை தாய் என்ற பட்டமல்ல. தொழிலாளி என்ற தகுதி, அதோடு வரும் உரிமை, கூலி, பாதுகாப்பு, வாக்கு.

பெண்களுக்கு உரிமை கொடுத்தால் வாழிடம் என்னவாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவைக் காட்டுகிறேன். தலைநகர் பாஞ்சுலை ஒட்டி தான்பி என்ற அலையாத்திச் சதுப்புநிலம் இருக்கிறது. அதுவும் தேசியப் பூங்காதான். அலையாத்தி வேர்களில் ஒட்டி வளரும் சிப்பியை எடுப்பது அங்கே பெண்களின் தொழில். வேரையே வெட்டிச் சிப்பி எடுக்கும் வழக்கம் இருந்தது, காடு கெட்டது. 2007இல் அந்தப் பெண்கள் 'ட்ரை' என்ற பெயரில் சங்கம் கட்டினார்கள். வேரை வெட்டக் கூடாது, சிறிய சிப்பியை எடுக்கக் கூடாது, ஆண்டில் இத்தனை மாதம் நிறுத்த வேண்டும் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். அலையாத்தி நட்டார்கள். 2012இல் காம்பிய அரசு, தான்பியில் சிப்பியும் மட்டியும் எடுக்கும் தனி உரிமையை அந்தச் சங்கத்துக்குச் சட்டப்படி கொடுத்தது. தேசியப் பூங்காவுக்குள், பெண்கள் சங்கத்துக்கு. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர்' பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. நம்மைவிடச் சிறிய, ஏழையான நாடு. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல, சட்டத்தில் காரணம் ஏதும் இல்லை. மனத்தில்தான் இருக்கிறது.

சில இடங்களை முழுவதுமாக மூட வேண்டிவரும். மீன் கூடி முட்டையிடும் பார், வெளுத்துத் தேறிக்கொண்டிருக்கும் பவளம், நட்டு வேர்பிடிக்கும் புல். அங்கே யாரும் போகக் கூடாது என்றால், பாசி எடுப்பவளும்தான் போகக் கூடாது. நான் கேட்பது எல்லா இடத்துக்கும் திறந்த கதவு இல்லை. மூடும் முடிவை எடுக்கும் மேசையில் அவள் உட்கார வேண்டும். எந்த இடம், எத்தனை மாதம், மீண்டும் திறப்பது எப்போது என்பதில் அவள் கையெழுத்து வேண்டும். மூடியிருக்கும் காலத்துக்கான இழப்பு அவள் கணக்கில், அவள் பெயரில் வர வேண்டும். கணவர் பெயரில் வரக் கூடாது. உடன்பட்டு மூடிய பாரை அவளே காவல் காப்பாள். பிடுங்கி மூடிய பாருக்கு எத்தனை காவலர் போட்டாலும் போதாது.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கரையோரத் தூர விதியை இழுவைமடியின் மேல் நடைமுறைப்படுத்துங்கள். எளியவள் மேல் கைவைக்கும் முன் வலியவர் மேல் கைவையுங்கள். பூங்காவில் யாருக்கு என்ன உரிமை என்ற விசாரணையைக் காகிதம் இல்லாதவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தோடு நடத்துங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்குத் தொழிலாளி என்ற அடையாள அட்டை கொடுங்கள். மாதம் 12 நாள், சுரண்டி கூடாது என்ற அவர்கள் விதியை மேலாண்மைத் திட்டத்தில் எழுதுங்கள். வாழிட வரைபடத்தை அவர்களோடு உட்கார்ந்து, பாருக்குப் பார் அவர்கள் வைத்திருக்கும் பெயரோடு வரையுங்கள். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கடற்புல்லைக் காக்க இன்னொரு வாய்ப்பு அது. மன்னார் வளைகுடாவில் 1986க்குப் பிறகு நடந்தவை அங்கேயும் நடக்க வேண்டும் என்று விதி இல்லை.

மீன்வளமும் கடலியலும் விலங்கியலும் படிக்கும் மாணவிகளிடம் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களில் பலர் கடற்புல்லைப் பற்றியோ பவளத்தைப் பற்றியோ ஆய்வேடு எழுதுவீர்கள். ஆய்வு நடந்த இடம் என்ற தலைப்பின் கீழ் அட்சரேகை, தீர்க்கரேகை, வெப்பநிலை, உப்புத்தன்மை எழுதுவீர்கள். அந்த இடத்தில் யார் வேலை செய்கிறார்கள், அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன, அங்கே அவர்களுக்குள் என்ன விதி என்பதையும் அதே தலைப்பின் கீழ் எழுதுங்கள். உங்களைப் படகில் கூட்டிப்போய் இடம் காட்டியவர் 'உள்ளூர் உதவியாளர்' ஆகிவிடாமல், அறிவைத் தந்தவராகப் பதிவாகட்டும். வழிகாட்டி அது அறிவியல் இல்லை என்று அடித்தால், ஏன் இல்லை என்று கேளுங்கள். தரையைப் பற்றிய தகவல் தரவு என்றால், தரையில் நிற்பவளைப் பற்றிய தகவலும் தரவுதான்.

நம் கடலுக்கும் ஒருநாள் இன்றியமையாத மீன் வாழிடம் என்று ஒரு சட்டம் எழுதப்படும். எழுதப்பட வேண்டும்; துண்டு துண்டாக மூன்று துறைகள் பார்த்துக் கடலைக் காக்க முடியாது. அப்போது வரையறையில் நீரையும் தரையையும் முட்டையிடுதலையும் வளர்வதையும் எழுதிவிட்டு நிறுத்திவிட வேண்டாம். அங்கே உழைக்கும் பெண்களையும், அவர்கள் உரிமையையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும். அடுத்த பத்தியில் இல்லை, 'மகளிர் நலன்' என்ற பின்னிணைப்பில் இல்லை, அதே வாக்கியத்தில்.